ஐஸ்விண்ட் டேல்: அந்தப் பத்து ஊருக்காகவே வாங்கலாம்

இதில் விளையாடப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இது டிஎம்களுக்கு, அதாவது ஆட்டத்தை நடத்துகிற டஞ்சன் மாஸ்டர்களுக்கு எழுதுவது. கதை பாதிக்கு மேல் உடைந்துவிடும்.

'ஐஸ்விண்ட் டேல்: ரைம் ஆஃப் த ஃப்ராஸ்ட்மெய்டன்' 2020 செப்டம்பரில் வந்த டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையில் உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டம்) ஐந்தாம் பதிப்புக் கேம்பெய்ன், அதாவது பல நாள் ஆடும் தொடர்கதை. 320 பக்கம், வந்தபோது அட்டை விலை 49.95 டாலர், 1 முதல் 12 லெவல் வரை. கதை நடப்பது ஐஸ்விண்ட் டேல் என்ற பனிப் பகுதியின் பத்து ஊர்களில். ஆரில் என்ற பனித் தெய்வம் இரவுதோறும் வெள்ளை ராக் என்ற ராட்சதப் பறவை மேல் ஏறி வந்து வானத்தில் ஒளித்திரை விரிக்கிறாள். அதனால் இரண்டு வருடமாக அங்கே சூரியன் எழவே இல்லை. நடுப்பகலில் கொஞ்சம் மங்கல் வெளிச்சம், அவ்வளவுதான்.

என்னைப் பிடித்துப்போட்டது ஆரில் இல்லை, அவளுக்குப் பயந்து ஊர்க்காரர்கள் செய்கிற காரியம். அமாவாசைக்கு அமாவாசை பலி. சின்ன ஊர்களில் சில பிடித்த மீனைக் கொடுக்கும், சில அன்று ராத்திரி அடுப்பே மூட்டாது. பிரின் ஷாண்டர், டார்கோஸ், ஈஸ்ட்ஹேவன் மூன்றும் பெரிய ஊர்கள். அங்கே ஆளையே கொடுக்கிறார்கள், அதுவும் சீட்டுக் குலுக்கிப் போட்டு. நம் குடவோலையில் பெயர் வந்தால் ஊர்ச் சபையில் இடம். இங்கே வந்தால் பனிவெளியில் சாவு. காசு கொடுத்துத் தன் பெயரைச் சீட்டிலிருந்து எடுத்துக்கொண்டவர்களை ஒருவன் தேடித் தேடிக் கொல்கிறான். அந்தக் குளிரிலும் கம்பளி போடாமல் திரிகிறான் என்பதுதான் துப்பு. எங்கள் மேசையில் இந்தக் கொலைகாரனைப் பிடிப்பதா, அவன் செய்வதும் ஒரு நியாயம்தானா என்று கிளம்பிய வாக்குவாதத்தில் டைஸை யாரும் தொடவே இல்லை. டார்க் ஃபேன்டசி என்றால் எனக்கு இதுதான். ரத்தமும் எலும்புக்கூடும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும்.

ஆனால் குளிருக்கான விதி மட்டும் சப்பென்று இருக்கிறது. பூஜ்யம் ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் மணிக்கொரு கான்ஸ்டிடியூஷன் சேவ், டிசி 10: உடல் வலுவைச் சேர்த்து டைஸ் உருட்டி 10 எடுக்க வேண்டும். தவறினால் ஒரு படி களைப்பு, ஆறு படி ஏறினால் ஆள் காலி. படிக்கப் பயமாகத்தான் இருக்கும். 10 தங்கக் காசுக்குக் குளிர் உடுப்பு வாங்கிவிட்டாலோ சேவ் தானாகவே பாஸ்! முதல் ஊரிலேயே எல்லோரும் வாங்கிவிடுவார்கள், அப்புறம் குளிர் வெறும் வர்ணனைதான். உடுப்பு காய்ந்திருக்கும் வரைதான் என்று விதியிலேயே ஒரு வரி இருக்கிறது, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரெமென் ஊரில் ஏரிப் பிராணியைத் தேடிப் படகில் போகும் கதையில் எங்கள் குழுவின் ஃபைட்டர், அதாவது போர்வீரர், தண்ணீரில் விழுந்தார். இழுத்துப் போட்ட பிறகுதான் ஆட்டமே சூடு பிடித்தது: யாருடைய கம்பளியைக் கழற்றி அவருக்குக் கொடுப்பது, கரை எவ்வளவு தூரம், எரிக்க விறகு இருக்கிறதா, இல்லையென்றால் படகையே உடைக்கலாமா.

ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு ரகசியச் சீட்டு உண்டு. ஒருவர் உருமாறும் டாப்பல்கேங்கராகவே இருக்கலாம். அருமையான யோசனை, ஆனால் எல்லாச் சீட்டும் ஒரே தரமில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காமல் ஆள் பார்த்துக் கொடுங்கள்.

முதல் இரண்டு அத்தியாயம் தனித்தனிச் சின்னக் கதைகள், எந்த வரிசையிலும் ஆடலாம். ஒரு செத்த மந்திரவாதியின் உடலை முதுகில் சுமந்துகொண்டே திரிகிற வெள்ளை டிராகன் இங்கேதான் வருகிறது. மூன்றாவதில் டுவர்கர் என்ற பாதாளக் குள்ளர்களின் கோட்டை வந்ததும் கதை தண்டவாளத்தில் ஏறிவிடுகிறது, வேறு வழியில் திரும்ப முடியாது. ஆட்டக்காரர்கள் கோட்டையை நெருங்கும்போதே அங்கே செய்த இயந்திர டிராகன் ஊர்களை அழிக்கக் கிளம்பிவிடும். கோட்டைக்குள் நுழைந்தால் ஊர்கள் போச்சு. திரும்பினாலும் அதை முந்த முடியாது. இத்தனை நாள் பழகிய மனிதர்கள், அவர்களைக் காப்பாற்ற நியாயமான ஒரு வாய்ப்பாவது வேண்டாமா?

கடைசியில் பனிப்பாறைக்கு அடியில் புதைந்த இத்ரின் நகரம். பார்க்க அழகு. ஆனால் அங்கே போகிற காரணம் பலவீனம்: ஆரிலை அவள் தீவிலேயே தீர்த்துவிட்டால் குளிர்காலக் கதை முடிந்தது, பிறகு எதற்கு இன்னும் இரண்டு அத்தியாயம் என்று ஆட்டக்காரர்கள் கேட்பார்கள், கேட்கவும் செய்தார்கள்.

புதிதாக டிஎம் ஆகிறவருக்கு இதைச் சொல்லமாட்டேன். மற்றவர்கள் வாங்கலாம், ஒரு திருத்தத்தோடு: ஆட்டக்காரர்கள் கோட்டைக்குள் நுழைந்த பிறகே டிராகனைக் கிளப்புங்கள், அது எந்த ஊருக்கு முதலில் போகும் என்று காட்டும் வரைபடத்தை உள்ளே எங்காவது போட்டுவையுங்கள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பிரின் ஷாண்டர் தப்பித்தது, டார்கோஸ் தப்பவில்லை.