கணினியை மூடிவைத்துப் பாடம்: அல்சூர் சதுரங்க வகுப்பு பற்றி

பெங்களூரில் சதுரங்க வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலான இடங்களில் தொடக்க வரிசைகளை மனப்பாடம் செய்யவைப்பார்கள். அல்லது புதிர்த் தாள்களைக் கையில் கொடுத்து நேரத்தைக் கடத்துவார்கள். அல்சூர் ஏரிப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு காலைகளில் நடக்கும் வகுப்பில் இந்த இரண்டுக்கும் இடமில்லை. மாஸ்டர் நிலை ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆடியவர் எந்த இடத்தில் என்ன முடிவெடுத்தார், ஏன் எடுத்தார், அது எங்கே பிசகியது என்பதை மட்டும் இரண்டரை மணி நேரம் அலசுகிறார்கள். ஆசிரியர் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழர். பெயர்ப் பலகை வைப்பதிலேயே விருப்பமில்லாத அவருடைய பெயரை இங்கே குறிப்பிடுவது முறையாகாது. சில மாதங்களாக இந்த வகுப்புக்குச் சென்றுவருகிறேன்.

ஸ்டாக்ஃபிஷ் போன்ற சதுரங்க மென்பொருள் காசில்லாமல் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது, பணம் கட்டி இதை ஏன் படிக்கவேண்டும் என்ற கேள்வி எவருக்கும் எழும். இந்த வகுப்பின் நடைமுறையே அதற்கு விடை. பெரிய பலகையில் ஒரு நிலையை அடுக்கிவைத்துவிட்டு, கைப்பேசிகளை ஒரு கூடையில் போடச் சொல்கிறார்கள். பத்து நிமிடத்திற்குள் ஒவ்வொருவரும் நோட்டில் எழுதவேண்டியது அடுத்த நகர்த்தலை அல்ல. எந்தக் காய் மோசமாக நிற்கிறது, எதிராளி என்ன செய்ய நினைக்கிறான், எந்தக் காய்களை மாற்றிக்கொள்வது நமக்கு நல்லது என்பவற்றை. அதன் பிறகே விவாதம். கணினியைத் திறப்பது கடைசி அரை மணி நேரத்தில்தான்.

நான் இருந்த வகுப்புகளில் மிகச் சிறந்தது 1953ஆம் ஆண்டு சூரிச் போட்டியில் கிராண்ட்மாஸ்டர்கள் ரெஷெவ்ஸ்கியும் (வெள்ளை) பெட்ரோசியனும் (கறுப்பு) ஆடிய ஆட்டத்தைப் பற்றியது. வெள்ளையின் சிப்பாய்கள் டி4, இ5 கட்டங்களில் (பலகையின் கட்டங்களை எழுத்தும் எண்ணும் சேர்த்து இப்படிக் குறிப்பார்கள்) நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு முன்னேறக் காத்திருக்கின்றன. கறுப்பின் யானைகளோ இ வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கிக் கிடக்கின்றன. 25ஆவது நகர்த்தலில் பெட்ரோசியன் தம் யானையை இ6 கட்டத்தில், எதிராளியின் பிஷப் வெட்டக்கூடிய இடத்தில், கொண்டுபோய் வைத்தார். அறையில் இருந்தவர்களில் பாதிப்பேர் இதை அச்சுப்பிழை என்றே நினைத்தோம். ஆசிரியர் விடையைச் சொல்லவில்லை. ‘யானை போனதால எந்தக் கட்டம் காலியாச்சு, பாருங்க’ என்று மட்டும் கேட்டார். காலியானது இ7. சி6இல் இருந்த குதிரை அந்த வழியாக டி5க்குப் போய் உட்கார்ந்துவிட்டால், அதை விரட்ட வெள்ளையிடம் சிப்பாயும் இல்லை, வெள்ளைக் கட்டங்களில் நடக்கும் பிஷப்பும் இல்லை. அந்த பிஷப்தான் யானையை வெட்டி மாண்டுபோயிருக்கும். முன்னேறவேண்டிய இ5 சிப்பாயும் அசையமுடியாமல் நின்றுவிடும். ரெஷெவ்ஸ்கி யானையை வெட்டினார். சில நகர்த்தல்களுக்குப் பின் தம் யானை ஒன்றை பிஷப்புக்காகத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. ஆட்டம் டிராவில் முடிந்தது. யானைக்கு ஐந்து, பிஷப்புக்கு மூன்று என்று சிறுவயதில் படித்த மதிப்புக் கணக்கு எந்த இடத்தில் செல்லாது என்பதை இவ்வளவு தெளிவாக எனக்கு வேறெவரும் காட்டியதில்லை.

தவறுகளை அலசும் முறையும் குறிப்பிடத்தக்கது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55ஆவது நகர்த்தலாக யானையை எஃப்2க்குக் கொண்டுபோனதும், குகேஷ் வென்று பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனதும் எல்லோருக்கும் தெரியும். யானைகள் வெட்டுப்பட்ட பிறகு குகேஷின் பிஷப் டி5க்கு வருகிறது. ஏ8 மூலையில் சிக்கியிருக்கும் டிங்கின் பிஷப் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அதே மூலைவிட்டத்தில்தான் நகரவேண்டும் என்பதால் பிஷப்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதைத் தவிர்க்க வழியே இல்லை. சிப்பாய்களும் ராஜாக்களும் மட்டும் மிஞ்சும் அந்த ஆட்டத்தில் கறுப்புக்கு ஒரு சிப்பாய் அதிகம். கைப்பேசி டிங்கின் அந்த யானை நகர்த்தலுக்கு, பெருந்தவறு என்று பொருள்படும் இரட்டைக் கேள்விக்குறி போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடும். ஆனால் இந்த வகுப்பில் பேச்சு அதற்கு வெகு முன்னரே தொடங்கியது. வெள்ளைக் காய்களை வைத்திருந்தும் காய்களைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு சிப்பாய் குறைவான நிலையை டிராவாகக் காப்பாற்றிவிடலாம் என்று டிங் எடுத்த முடிவைப் பற்றியே ஒரு மணி நேரம் விவாதித்தோம். அந்த வழியெங்கும் கணினியின் மதிப்பீடு சமநிலைதான். சோர்ந்திருக்கும் மனிதர் ஒருவர் அந்தச் சமநிலையை இன்னும் எத்தனை நகர்த்தல்களுக்குக் காக்கவேண்டியிருக்கும் என்பது அதன் கணக்கில் வராது என்றார் ஆசிரியர். இதில் அவருடைய கருத்தை நான் முழுமையாக ஏற்கிறேன்.

2014இல் சோச்சியில் கார்ல்சனும் ஆனந்தும் மோதிய உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தை எடுத்த அன்று அறையில் சற்றே துக்க வீட்டின் சாயல் இருந்தது. தமிழர்கள் கூடும் இடத்தில் ஆனந்த் தோற்ற ஆட்டம் என்றால் வேறெப்படி இருக்கும்? வெள்ளையில் ஆடிய கார்ல்சன் 26ஆவது நகர்த்தலில் ராஜாவை டி2க்கு நகர்த்தினார். உடனே கறுப்புக் குதிரை இ5 சிப்பாயை வெட்டியிருந்தால், யானைகள் மோதும் இடைவேளையில் சி4 சிப்பாயையும் செக் சொல்லி வெட்டி, இரண்டு சிப்பாய்களை லாபமாகப் பெற்றிருக்கலாம். ஆனந்தோ ஏ சிப்பாயை முன்னே தள்ளினார். எதிராளியின் நகர்த்தலைப் பார்ப்பதற்கு முன்பே நம் திட்டத்தை முடிவுசெய்துவிடும் பழக்கத்துக்கு ஆசிரியர் இதை எடுத்துக்காட்டினார். பொருத்தமான எடுத்துக்காட்டுத்தான், ஆனால் ஆனந்தின் மனத்தில் அப்போது ஓடியது என்ன என்பதை இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கவேண்டாம்.

குறைகளும் உண்டு. நடு ஆட்டத்தில் மூழ்கிவிட்டால் நேரம் போவது ஆசிரியருக்குத் தெரிவதில்லை. அதனால் கணினிக்கென ஒதுக்கிய அரை மணி பல நாள்களில் ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. நாம் நோட்டில் எழுதிய கருத்து சரியா என்று சோதித்துப் பார்க்கும் இடமே அதுதான் என்பதால் இது சிறிய குறையல்ல. தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் விளக்கம் நடந்தாலும் தமிழில் தொடங்கியது தமிழிலேயே ஓடிவிடும்போது கன்னடப் பிள்ளைகள் விழிக்கிறார்கள். ஒளிப்பதிவோ அச்சிட்ட குறிப்போ கிடையாது. ஒரு ஞாயிறு தவறினால் அந்த ஆட்டம் போனதுதான்.

மாதக் கட்டணம் 2,000 ரூபாய். இந்திராநகர்ப் பக்கம் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் குறைவே. பிள்ளையின் ரேட்டிங் (போட்டி முடிவுகளை வைத்துத் தரப்படும் தர எண்) மூன்று மாதத்தில் ஏறவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த வகுப்பு ஏமாற்றத்தையே தரும். அப்படிக் கேட்ட ஒரு தாயாரிடம், ‘அதுக்கு வேற இடம் இருக்கும்மா, நானே நம்பர் தர்றேன்’ என்று ஆசிரியர் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். காய்களின் குறியீட்டு முறை தெரிந்து, சில போட்டிகளிலாவது ஆடித் தோற்ற அனுபவம் உள்ள பதின்ம வயதினருக்கும் பெரியவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். அல்சூர் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். அந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடம் தேடவேண்டாம், கிடைக்காது.