நொண்டும் முன்னங்கால்: எம்.ஆர்.ஐ.யா, இ.எம்.ஜி.யா?

நடுவயது தாண்டிய நாய். ஒரு முன்னங்காலை மட்டும் நொண்டுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பும் மூட்டும் சுத்தம். வலி மாத்திரை கொடுத்தால் நாலு நாள் தேவலை, அப்புறம் பழையபடிதான். இரண்டு மாதத்தில் தோள்பட்டைச் சதை சூம்பி, எலும்பின் முகடு கையில் தட்டுப்படுகிறது. ஊன்றாத கால் கொஞ்சம் இளைக்கும்தான், ஆனால் இவ்வளவு இளைத்தால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். அக்குள் நரம்புப் பின்னலில் வளரும் நரம்புறைக் கட்டி இப்படித்தான் மூட்டுவலி வேஷத்தில் மாதக்கணக்கில் ஏமாற்றும். அதே பக்கத்துக் கண்பாவை சுருங்கி இமையும் தொங்கினால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இ.எம்.ஜி. என்பது தசைக்குள் மெல்லிய ஊசி செருகி மின்துடிப்பைப் பதிவு செய்வது. நரம்புத் தொடர்பு இழந்த தசை, நாய் மயக்கத்தில் கிடக்கும்போதும் தானாகத் துடித்துக்கொண்டிருக்கும். எந்தெந்தத் தசை துடிக்கிறது என்று பார்த்தால் எந்த நரம்பு கெட்டது என்று ஊகிக்கலாம். ஆனால் நரம்பு அடிபட்ட முதல் சில நாட்களில் இது ஒன்றும் காட்டாது, ஒரு வாரமாவது ஆக வேண்டும். காட்டினாலும் இடத்தைச் சொல்லுமே தவிர, அங்கிருப்பது கட்டியா, அழற்சியா, பிய்ந்துபோன நரம்பா என்று சொல்லாது.

எம்.ஆர்.ஐ. தடித்த நரம்பையே படமாகக் காட்டிவிடும். ஆனால் எங்கே பார்க்கச் சொல்கிறோமோ அங்கேதான் பார்க்கும். ‘கழுத்து டிஸ்க்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் அக்குள் படத்துக்கு வெளியே போய்விடும், அறிக்கையும் ‘இயல்பு’ என்றே வரும். இரண்டு பக்க அக்குளும் விழும்படி, படத்தில் கட்டியை எடுத்துக்காட்டும் மருந்தை ரத்தக்குழாய் வழி ஏற்றி எடுக்கச் சொல்ல வேண்டும். அப்போதுகூட அழற்சியும் கட்டியும் ஒன்றுபோலத் தெரிவதுண்டு. தடித்த இடத்திலிருந்தே துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் உறுதி.

சி.டி. பெரிய கட்டியைப் பிடிக்கும், சின்னதைத் தவறவிடும். அல்ட்ராசவுண்ட் மலிவு, அக்குளில் திரண்ட கட்டிக்குப் போதும், முதுகுத்தண்டுக் குழாய்க்குள் எட்டாது.

ஒன்றுக்குத்தான் காசு என்றால் என் ஓட்டு எம்.ஆர்.ஐ.க்கு. நாலு காலும் தளர்ந்திருந்தால் மட்டும் இ.எம்.ஜி. முதலில், அது வேறு நோய்க்கூட்டம். வண்டி அடித்துச் சட்டென்று கால் தொங்கிப்போன நாய்க்கோ நடந்த கதையே பாதி விடை.

எது செய்தாலும் தள்ளிப்போடக் கூடாது. கட்டி அக்குளோடு நிற்கும்போது காலை எடுத்தாவது நாயைக் காப்பாற்ற வழியுண்டு. தண்டுவடம் வரை ஏறிவிட்டால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.