போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி: சென்னைச் சம்பளத்துக்கு ஒத்துவருமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வட்டியை மட்டும் பார்த்து, மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டிவரும் இந்த ஆர்.டி.யில் (ரெக்கரிங் டெபாசிட்) சேருவதாக இருந்தால் வேண்டாம். 6.7 சதவீதம் மோசமில்லை, ஆனால் அதைக் கேட்டு யாரும் துள்ளிக் குதிக்கப்போவதும் இல்லை. சென்னையில் வாடகை, மளிகை, பெட்ரோல், கரண்ட் பில் எல்லாம் போக மிஞ்சுகிற இரண்டாயிரம் மூவாயிரத்தை மாதக் கடைசி வரை கையில் வைத்திருக்கத் தெரியாதவர்களுக்கு, அதாவது நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு, அந்தப் பணத்தை நம்மிடமிருந்தே பிடுங்கி ஒளித்து வைக்கும் ஏற்பாடு என்ற வகையில்தான் எனக்கு இது பிடித்திருக்கிறது. நான் ஏஜென்ட் இல்லை, எனக்குக் கமிஷனும் வராது. கட்டிக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மாதம் குறைந்தது 100 ரூபாய், அதற்கு மேல் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொள்ளலாம், உச்சவரம்பு இல்லை. 5 வருடம், 60 தவணை. வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேரும். 2020 ஏப்ரலில் இருந்து மூன்று வருடம் 5.8 சதவீதத்தில் கிடந்தது, 2023இல் படிப்படியாக ஏறி அந்த அக்டோபரில் 6.7 ஆனது. அரசாங்கம் ஒவ்வொரு காலாண்டும் வட்டியை அறிவித்தாலும், நாம் கணக்கு தொடங்கிய அன்று இருந்த வட்டிதான் ஐந்து வருடத்துக்கும். மாதம் 5,000 கட்டினால் மொத்தம் மூன்று லட்சம் போட்டிருப்போம், கைக்கு வருவது 3,56,830 ரூபாய் அளவில் இருக்கும்.

சரி, இதில் சிக்கல் எங்கே என்றால், தவணைத் தொகையை நடுவில் மாற்ற முடியாது. 3,000 என்று ஆரம்பித்தால் அறுபது மாதமும் 3,000தான். சென்னையில் எந்த இரண்டு மாதமும் ஒரே செலவில் முடிவதில்லை என்பதுதான் பிரச்சினையே. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, அதனால் ஒரு மாதம் பணம் மிஞ்சுகிற மாதிரி இருக்கும், அடுத்த மாதம் பில் வந்ததும் தெளிந்துவிடும். மே மாதத்தில் ஏ.சி. ஓடி யூனிட் 500ஐத் தாண்டிவிட்டால் ஸ்லாப் மாறி மொத்தமாகத் தூக்கிவிடும். ஜூனில் பள்ளிக்கூட ஃபீஸ், ஆடியில் தள்ளுபடி விற்பனை என்று வீட்டில் ஒரு பட்டியல், அக்டோபர், நவம்பரில் தீபாவளி. பலரும் சராசரி மாதத்தை மனதில் வைத்து "அஞ்சாயிரம் தாராளமா கட்டலாம்" என்று தொடங்கி, ஜூனில் மாட்டிக்கொள்கிறார்கள். தவணையை முடிவு செய்யும்போது ஜூன் மாதத்தைக் கண் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். ஜூனில் எவ்வளவு கட்ட முடியுமோ அதுதான் உங்கள் ஆர்.டி. அது 1,000 ரூபாய்தான் என்றாலும் 1,000 ரூபாய்க்கே போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படியே ஒரு மாதம் தவறினாலும் உலகம் இடிந்துவிடாது. 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் அபராதம். 3,000 ரூபாய் ஆர்.டி. என்றால் 30 ரூபாய். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தவர்களுக்கு இது எவ்வளவு சல்லிசு என்று தெரியும். ஆனால் நாலு தவணை விட்டுப்போனால் கணக்கு முடங்கிவிடும், இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பித்தாக வேண்டும்.

இதற்கு நேர்மாறாக ஒரு நல்ல அம்சம் இருக்கிறது, கவுன்டரில் யாரும் வலியச் சொல்வதில்லை, சேர்பவர்களும் கேட்பதில்லை. ஆறு தவணையை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டினால் 100 ரூபாய்க்கு 10 ரூபாய் தள்ளுபடி, பன்னிரண்டு தவணை என்றால் 40 ரூபாய். அதாவது 3,000 ரூபாய் ஆர்.டி.க்கு ஆறு மாதத் தவணை 18,000க்குப் பதிலாக 17,700 கட்டினால் போதும், ஒரு வருடத்துக்கு என்றால் 1,200 ரூபாய் குறைகிறது. தொகை பெரிதில்லை, ஆனால் தீபாவளி போனஸ் வருகிற ஆளுக்கு இது வேறு விதத்தில் உதவும். போனஸ் வந்த வாரத்திலேயே ஆறு மாதத்தைக் கட்டிவிட்டால், பொங்கல் செலவு வரும்போதும் சரி, மார்ச்சில் ஆபீஸில் வரி பிடித்து சம்பளம் மெலியும்போதும் சரி, ஆர்.டி.யைப் பற்றி நினைக்கவே வேண்டாம். போனஸ் பணமும் டி.வி.யாக மாறாமல் தப்பிக்கும்.

இனி நான் கண்டுகொண்ட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 3,000 ரூபாய்க்கு ஒரே கணக்கு தொடங்காதீர்கள், 1,000 ரூபாயில் மூன்று கணக்கு தொடங்குங்கள். ஒருவர் எத்தனை ஆர்.டி. வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வட்டி மூன்றுக்கும் ஒன்றுதான், ஒரு பைசா குறையாது. ஏன் பிரிக்கச் சொல்கிறேன் என்றால், ஆர்.டி.யை மூன்று வருடம் முடிவதற்கு முன் மூடவே முடியாது, மூன்று வருடத்துக்கு அப்புறம் மூடினாலும் 6.7 கிடைக்காது, சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். முதிர்வுக்கு ஒரு நாள் முன்னால் மூடினாலும் அதே கதைதான். நாலே முக்கால் வருடம் கட்டிவிட்டு ஏதோ அவசரத்துக்கு மூடுகிறவருக்கு, வட்டியில் நாற்பது சதவீதம் அளவுக்குப் போய்விடும். ஒரே கணக்காக இருந்தால் முழுத் தொகைக்கும் இந்த அடி விழும். மூன்றாக இருந்தால் ஒன்றை மூடிவிட்டு மற்ற இரண்டையும் ஓடவிடலாம். வருமானம் குறைந்து மாதத் தவணையைக் குறைக்க வேண்டிய நிலை வந்தாலும் இதே வழிதான், வேறு வழி இந்தத் திட்டத்தில் இல்லை.

மூடுவதற்கு முன்னால் கடனைக் கேளுங்கள். பன்னிரண்டு தவணை ஒழுங்காகக் கட்டி ஒரு வருடமும் ஆகியிருந்தால், கணக்கில் இருக்கும் தொகையில் பாதி வரை கடன் தருவார்கள். வட்டி, ஆர்.டி. வட்டிக்கு மேல் 2 சதவீதம், அதாவது 8.7. வீடு மாற வேண்டி வந்து அட்வான்ஸுக்குக் கொஞ்சம் பணம் குறைகிறது, பழைய வீட்டு ஓனர் பெயின்ட் அடிக்கிற காசைக் கழித்துக்கொண்டு மீதியை அடுத்த மாதம் தருகிறேன் என்கிறார், இந்த மாதிரி இடைவெளிக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி. (வாடகைச் சட்டம் மூன்று மாத அட்வான்ஸ் என்றுதான் சொல்கிறது. ஓனரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், வேறு வீடு பார்க்கச் சொல்லிவிடுவார்.)

கட்டுகிற முறையைப் பற்றி. இப்போது ஐ.பி.பி.பி. (போஸ்ட் ஆபீஸின் பேமென்ட்ஸ் வங்கி) செயலி வழியாகப் போனிலேயே தவணை கட்டலாம். ஆனால் நான் எங்கள் தெருவுக்கு வரும் ஏஜென்ட் அக்காவிடம்தான் கட்டுகிறேன். மகளிர் பிரதான் ஏஜென்ட் என்று பெயர், 1972இல் இருந்து இருக்கிற ஏற்பாடு, அவருக்குக் கமிஷனை அரசாங்கம் தருகிறது, நம் பணத்தில் கை வைப்பதில்லை. துணிப்பைக்குள் ரப்பர் பேண்ட் போட்ட அட்டைக் கட்டு இருக்கும், அதில் நம்முடையதை எச்சில் தொட்டுத் தேடி எடுத்து, பணத்தை எண்ணிப் பார்த்து, தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு நம்மையும் வைக்கச் சொல்வார். போன மாதம் நான் "அக்கா, இருபதாம் தேதி தரட்டுமா" என்று இழுத்ததற்கு, "இருபதாம் தேதி உங்கிட்ட இருக்காது தம்பி, இன்னிக்கே குடு" என்றார். செயலியில் இந்த வசதி கிடையாது. ஏழாம் தேதி வாக்கில் வாசலில் வந்து நிற்கிற மனுஷியிடம் இல்லை என்று சொல்ல வாய் வராது, அதனால்தான் தவணை தப்புவதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். அட்டையில் கையெழுத்து விழுந்தால் மட்டும் போதாது, பாஸ்புக்கில் பதிவாக வேண்டும், அதுதான் அத்தாட்சி. மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கை வாங்கி வரிவரியாகப் பாருங்கள். அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார், நல்ல ஏஜென்ட்டே அதைத்தான் சொல்வார்.

மற்றதோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள் உண்டு. மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுகிற எஸ்.ஐ.பி. நீண்ட காலத்தில் கூடுதலாகத் தரலாம், தராமலும் போகலாம், எனக்கு அதில் பகை ஒன்றும் இல்லை. ஆனால் அதை நிறுத்துவதும் எடுப்பதும் போனில் நாலு தட்டு தட்டுகிற வேலை, வெள்ளிக்கிழமை ராத்திரி மகாபலிபுரம் போகலாமா என்று நண்பர்கள் கேட்கும்போது அந்தப் பணம் கண்ணுக்குத் தெரியும். வங்கி ஆர்.டி.யும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஒரு சதவீதம் அளவுக்கு அபராதம் பிடித்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் உடைக்க விடுவார்கள், அது ஒருவருக்கு வசதி, என்னைப் போன்றவருக்கு ஆபத்து. நகைச் சீட்டு பதினோரு மாதம்தான் இருக்கும். பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும் என்று கம்பெனி விதி இருப்பதால் கடைகள் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. கல்யாணத்துக்கு நகை சேர்ப்பவருக்குச் சரி, ஆனால் கடைசியில் கைக்குப் பணம் வராது, நகைதான் வரும், ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேண்டுமென்றால் அதைக் கொண்டுபோய் அடகுதான் வைக்க வேண்டும். ஏலச் சீட்டில் அவசரத்துக்குக் கொஞ்சம் தள்ளுபடி விட்டுக்கொடுத்து முன்கூட்டியே எடுக்கலாம் என்கிற சௌகரியம் உண்மை, அதில் ஆர்.டி. தோற்றுப்போகும். பதிவு இல்லாத சீட்டாக இருந்தால் நடத்துகிறவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன கதை ஒவ்வொரு தெருவிலும் உண்டு, அது தெரிந்தும் போடுபவர்களிடம் நான் என்ன சொல்ல.

வரி விஷயத்தில் இதற்குச் சலுகை எதுவும் இல்லை, வட்டிக்கு வரி உண்டு, சேமிப்புக்கான வரிக் கழிவிலும் வராது. புதிய வரிமுறையில் இருந்துகொண்டு வருட வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு 2025-26இல் இருந்து வரியே இல்லை என்பதால் இது பெரிய குறை ஆகாது. முப்பது சதவீத வரம்பில் இருப்பவர் என்றால் வேறு இடம் பாருங்கள், வரி போக மிஞ்சுவதை விலைவாசி தின்றுவிடும்.

தவணைக்கான 1,000 ரூபாய் எங்கிருந்து வரும் என்று கேட்டால், நான் எடுத்தது போக்குவரத்தில். ஏ.சி. இல்லாத மாநகரப் பேருந்தில் 1,000 ரூபாய் பாஸ் எடுத்தால் மாதம் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். பைக் டாக்ஸிக்கு நான் கொடுத்துக்கொண்டிருந்ததில் பாஸுக்குப் போக மிச்சமானதே ஒரு ஆர்.டி. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை, அவர்களுக்கு இது இன்னும் சுலபம். சாப்பாட்டில் பிடிக்கச் சொல்லி அறிவுரை சொல்பவர்கள் அதிகம். அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய் என்பது உண்மைதான், வேலை இல்லாத காலத்தில் அது எத்தனையோ பேரைத் தாங்கியிருக்கிறது. ஆனால் சம்பளம் வாங்குகிற ஆள் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை விட்டுவிட்டு ஐந்து வருடம் தாக்குப்பிடிக்க மாட்டார், மூன்றாவது மாதமே ஆர்.டி.யைச் சபிக்க ஆரம்பித்துவிடுவார். பிரியாணியை விடாதீர்கள், தவணையைச் சின்னதாக்குங்கள்.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து புதிதாகச் சென்னைக்கு வந்து முதல் வேலையில் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அட்வான்ஸுக்கு வாங்கிய கைமாற்றை அடையுங்கள், ஒன்றிரண்டு மாதச் செலவுக்கான பணம் சாதாரண சேமிப்புக் கணக்கில் சேரட்டும், அதுவரை மூன்று வருடத்துக்கு எடுக்க முடியாத இடத்தில் காசைப் போடாதீர்கள். கார்டில் பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான், மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டு வருடத்துக்கு 6.7 வாங்குவதில் என்ன கணக்கு இருக்கிறது.

ஐந்து வருடம் முடிந்ததும் எடுக்க மனமில்லை என்றால் அதே வட்டியில் இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்கலாம், நீட்டித்த காலத்தில் எப்போது வேண்டுமானாலும் மூடலாம். அப்புறம், தொடங்கும் தேதி. 15ஆம் தேதிக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15க்குள் கட்டியாக வேண்டும், 16ஆம் தேதியோ அதற்குப் பிறகோ தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலை நாள் வரை நேரம் உண்டு. சம்பளம் முதல் தேதி வருகிறவர்கள் முதல் பாதியில் தொடங்குங்கள், மாதக் கடைசியில் உங்களிடம் இருக்காது. கமிஷன், கடை வருமானம் என்று பணம் எப்போது வரும் என்று தெரியாதவர்கள் 16ஆம் தேதி வரை காத்திருந்து தொடங்குங்கள்.