கொல்கத்தாவின் பழைய மெட்ரோ தடம்: ஒரு மதிப்பீடு

இந்தியாவின் முதல் சுரங்க ரயில் தடமான கொல்கத்தாவின் வடக்கு–தெற்கு மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணம் வெறும் 5 ரூபாய். டம்டம்மில் ஏறுபவர் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் டாலிகஞ்சில் இறங்கிவிடலாம். கொடுக்கும் காசுக்கு இதைவிட அதிகப் பயன் தரும் நகரப் பயணத்தை நான் அறியேன். ஆனாலும் இத்தடத்தின் அருமை, அது எப்படித் தோண்டப்பட்டது என்பதை அறிந்து பயணிப்பவருக்கே முழுமையாகப் புலப்படும்.

1972 டிசம்பர் 29 அன்று இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய இத்தடத்தில், 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடு முதல் பவானிபூர் வரை 3.4 கிலோமீட்டர் தொலைவுக்கு முதல் ரயில் ஓடியது. டம்டம் முதல் டாலிகஞ்ச் வரையிலான 16.45 கிலோமீட்டரும் முழுமை பெற்றபோது 1995 செப்டம்பர் ஆகிவிட்டது. இந்தத் தாமதத்தைத் திறமையின்மை என்று ஒதுக்குவது நியாயமன்று. வண்டல் படிந்த மென்களிமண்ணும், சில அடி தோண்டினாலே ஊறும் நீரும் கொண்ட நகரம் அது. சித்தரஞ்சன் அவென்யூ போன்ற பெருஞ்சாலைகளைத் திறந்து, இருபுறமும் கான்கிரீட் சுவர்களை இறக்கி, இடையிலுள்ள மண்ணை அகற்றிச் சுரங்கம் கட்டிய பின் மீண்டும் சாலையை மூட வேண்டியிருந்தது. அதற்கு முன்பே குடிநீர், கழிவுநீர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் இடம் மாற்றியாக வேண்டும். நிதியும் பொருள்களும் சீராக வரவில்லை. நீதிமன்றத் தடைகளும் குறுக்கிட்டன. பெல்கச்சியாவுக்கும் ஷியாம்பஜாருக்கும் இடையே ரயில்வே யார்டும் கால்வாயும் மேலே இருந்ததால், அங்கு மட்டும் மேற்பரப்பைத் திறக்காமல், அழுத்தக் காற்றின் துணையுடன், மண் சரியாமல் தாங்கும் கவச எந்திரத்தால் துளையிட்டார்கள். இந்நாட்டில் அதற்கு முன் யாரும் செய்திராத வேலையைச் செய்துகொண்டே கற்றுக்கொண்ட அந்தப் பொறியாளர்களையும் தொழிலாளர்களையும் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். இத்திட்டத்தின் தொடக்கக் காலத்தில் பணியாற்றிய ஈ. ஸ்ரீதரன் பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டி எழுப்பினார்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு செய்தி: இத்தடத்தின் முதல் பெட்டிகள் சென்னை பெரம்பூரிலுள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவானவை. குளிர்சாதன வசதி இல்லாத அந்தத் தலைமுறைப் பெட்டிகள் 2021 அக்டோபரில்தான் முழுமையாக விடைபெற்றன.

நிலையங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ரவீந்திர சதன். தாகூரின் கவிதைகளும் ஓவியங்களும் சுவர்களை அலங்கரிக்கும் அந்த நடைமேடையில் அடுத்த ரயிலுக்காகக் காத்திருப்பது சலிப்பதில்லை. இத்தடத்தின் மிகப் பெரிய குறை, நடைமேடைத் தடுப்புக் கதவுகள் இல்லாமலேயே இது கட்டப்பட்டது என்பதே. பயணிகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சுரங்க நிலையத்தில் அத்தகைய பாதுகாப்பை எல்லா நடைமேடைகளிலும் விரைந்து ஏற்படுத்துவதைச் செலவாகக் கருதக் கூடாது.

2024 மார்ச்சில் ஹூக்ளி ஆற்றின் அடியில் ஹவுரா மைதானத்திலிருந்து எஸ்பிளனேடு வரை கிழக்கு–மேற்குத் தடம் திறக்கப்பட்ட பிறகு பழைய தடத்தின் பயன் பெருகியிருக்கிறது. ஆற்றைக் கடக்கும் சுரங்க ரயிலுக்கான திட்டத்தை 1920-களின் தொடக்கத்திலேயே ஹார்லி டால்ரிம்பிள்-ஹே என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வரைந்திருந்தார். ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின்னரே அந்த எண்ணம் கைகூடியது. ஹவுராவில் ரயிலைவிட்டு இறங்குபவர்கள் இப்போது பாலத்து நெரிசலில் சிக்காமல் எஸ்பிளனேடு வந்து, அங்கேயே தடம் மாறிக் காளிகாட்டுக்கோ தட்சிணேஸ்வரத்துக்கோ செல்லலாம். பெட்டி படுக்கையுடன் வருபவர்கள் காலை, மாலை அலுவலக நேரங்களை மட்டும் தவிர்ப்பது நல்லது.