ஒரு ‘டி’ குறைந்த போர்டு

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஞாயிறு மதியம் மட்டும் சாப்பாடு போடுகிறேன். 20 இலைதான், முன்பதிவு கிடையாது. பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் புரியட்டும் என்று, காரைக்குடியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் 3-க்கு 2 அடியில் போர்டு அடிக்கக் கொடுத்தேன். குறையும் சொல்லப்போவதால் கடைப் பெயர் வேண்டாம்.

காலையில் கொடுத்தது சாயங்காலம் ரெடி. ஓரத்துக்கு ஆத்தங்குடித் தரைக்கல்லைப் போட்டோ எடுத்துக் கொடுத்திருந்தேன். அந்தச் சிவப்பு அப்படியே வந்திருந்தது. ஃபிரேமும் கோணவில்லை.

எழுத்தில்தான் வந்தது வினை. நான் தாளில் எழுதிக் கொடுத்தது ‘ஃபர்ஸ்ட் கம், ஃபர்ஸ்ட் சர்வ்டு’. போர்டில் இருந்தது ‘சர்வ்’. கம்ப்யூட்டரில் உட்காரும் தம்பி, கடைசி ‘டி’யைப் பிழை என்று நினைத்துத் தூக்கிவிட்டார். “எல்லாருக்கும் இப்படித்தான் அடிக்கிறோம் ஆச்சி, யாரும் ஒண்ணும் சொன்னதில்லையே” என்றார். நானும் பல இடத்தில் அப்படிப் பார்த்திருக்கிறேன். அதுபோக, வாட்ஸ்அப்பில் புரூஃப் வந்தபோது குழம்பைக் கிண்டிக்கொண்டே ஓகே போட்டவள் நான்தான்.

பந்தியை வைத்துத்தான் விளக்கினேன். ‘சர்வ்டு’ என்றால் முதலில் வந்தவருக்கு முதலில் பரிமாறுவோம் என்று அர்த்தம். ‘டி’ போய்விட்டால், முதலில் வந்தவரே பரிமாற வேண்டும் என்பதுபோல ஆகிவிடும். “கல்யாண வீட்டுக்கு முதல் ஆளாகப் போன உங்கள் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்தால் எப்படி இருக்கும் தம்பி?” என்றேன். சிரித்துவிட்டு, “அப்ப ‘கம்’ மட்டும் ஏன் ‘கேம்’ ஆகலை?” என்று மடக்கினார். பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தது கைகொடுத்தது: கம், கேம், கம். மூன்றாவது வடிவமும் ‘கம்’தான். ‘சர்வ்டு’ம் அந்த மூன்றாவது வடிவம்தான்.

அதற்குள் ஒரு ஞாயிறு அந்தப் போர்டு வாசலில் தொங்கிவிட்டது. சாப்பிட வந்த ஜெர்மனிக்காரர் அதைப் படித்துவிட்டு, “எங்கள் மொழியில் முதலில் வருகிறவன் முதலில் மாவு அரைப்பான்” என்றார். பழங்காலத்து மாவு மில் வரிசையிலிருந்து வந்த சொலவடையாம். ஆட்டுக்கல் பின்கட்டில்தான் கிடக்கிறது, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது ஃபிளெக்ஸுக்குக் காசு வாங்கவில்லை. பழையதை உரித்துவிட்டு அதே ஃபிரேமில் அடித்துக் கொடுத்தார்கள். இந்த முறை ‘பேசிஸ்’ என்ற சொல்லையும் சேர்த்து முழு வாக்கியமாக எழுதிக் கொடுத்தேன். அப்படி எழுதினால் ‘ஃபர்ஸ்ட்-கம், ஃபர்ஸ்ட்-சர்வ்டு’ என்று நடுவில் சின்னக் கோடு வேண்டும். தனியாக நின்றால் கமா போதும். தம்பி கோட்டைச் சரியாகப் போட்டார். எழுத்துதான் சிறுத்துவிட்டது, தெருவிலிருந்து படிக்க முடியவில்லை.

தமிழ் போர்டு என்றால் தயங்காமல் கொடுக்கலாம். இங்கிலீஷ் என்றால் அடுப்படியில் நின்று புரூஃப் பார்க்காதீர்கள். கடையில் ஜிபே உண்டு, வண்டி நிறுத்தத்தான் இடம் கிடையாது.