மில் தூசிக்கு லேஞ்சியா, என்95 மாஸ்க்கா?

அட்டன், தலவாக்கலைப் பக்கம் அரிசியும் குரக்கனும் அரைக்கும் மில்களில் மூக்கில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கலாம். செலவில்லை, மூச்சும் முட்டாது. புருவத்தில் வெள்ளையாகப் படிகிற பெரிய துகளை அது ஓரளவு தடுக்கும். சிக்கல் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளில். தானியத் தூசி என்றால் மாவு மட்டுமில்லை. பூஞ்சண வித்து, சிற்றுண்ணித் துணுக்கு, பக்டீரியா நச்சு எல்லாம் கலந்திருக்கும். மலைநாட்டு ஈரத்தில் மூட்டை பூஞ்சணம் பிடிக்கச் சொல்லவா வேண்டும்? நெஞ்சுக்குள் இறங்கினால் இருமல், இழுப்பு, நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி வரலாம். தூசியை அளவுக்கு மீறிச் சுவாசித்த அன்றே காய்ச்சலும் உடல்வலியும் வருவதுண்டு. லீவு நாளில் குறைந்து, வேலைக்குப் போனதும் கூடுகிற இருமலைத் தடிமன் என்று தள்ளிவிடக்கூடாது.

என்95 முகத்தோடு ஒட்டியிருந்தால் 0.3 மைக்ரோன் துகளிலும் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும். தாடி இருந்தால் ஓரத்தால் காற்று புகுந்துவிடும்; நனைந்தாலோ அடைத்தாலோ மாற்ற வேண்டும். காசுதான் இடிக்கும். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே, வாங்கிக் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. அப்புறம், சிலர் மெஷின் ஓடும்வரை போட்டிருந்துவிட்டு, காய்ந்த மாவை விளக்குமாற்றால் கூட்டும்போது கழற்றிவிடுகிறார்கள். தூசி அதிகமாகக் கிளம்புவதே அப்போதுதான்.