கோழிக்கூட்டுக் கதவுக்கு மூன்று மோட்டார்

தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மா வளர்க்கும் கோழிகளுக்காக, விடிந்தால் ஏறி இருட்டினால் இறங்கும் கதவு ஒன்று செய்தேன். மூன்று வருஷம் ஆகிறது. இப்போது ஓடுவது மூன்றாவது மோட்டார்.

முதலில் போட்டது ரோபோ காரில் வரும் மஞ்சள் பிளாஸ்டிக் கியர் மோட்டார், கூடவே மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துத் திருப்பும் எல்298என் டிரைவர் பலகை. 6 வோல்ட் கொடுத்தும் கதவு முக்கி முக்கித்தான் ஏறியது. மீட்டர் வைத்துப் பார்த்தால் மோட்டார் முனையில் 4 வோல்ட் சொச்சம். மீதியை டிரைவரே தின்று சூடாகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கதவு இடுக்கில் வைக்கோல் சிக்கி, கியர் பல் மழுங்கிப் போனது.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கதவு 300 கிராம், நூல் சுற்றும் உருளையின் ஆரம் 1 செ.மீ. ஆக, வேண்டிய முறுக்குவிசை 0.3 கிலோ-செ.மீ. மழையில் ஊறும் பலகை, சட்டத்தின் உரசல் எல்லாம் சேர்த்து மூன்று மடங்கு வைத்து, நிமிஷத்துக்கு 60 சுற்று சுற்றும், உலோக கியர் வைத்த என்20 என்ற சின்ன மோட்டார் வாங்கினேன். ஒரு சுற்றுக்கு 6 செ.மீ. சொச்சம் ஏறும், 30 செ.மீ. கதவுக்கு ஐந்து விநாடி.

டிரைவர் வாங்கும்போது ஓடுகிற மோட்டார் இழுக்கும் கரண்டைப் பார்க்காதீர்கள். சிக்கி நின்றால் எவ்வளவு இழுக்கும் என்று பாருங்கள். என் மோட்டாரின் முனைகளில் மீட்டர் 8 ஓம் காட்டியது. 6 வோல்ட்டுக்கு 0.75 ஆம்பியர். எல்293டி என்ற டிரைவர் தாங்குவது 0.6 தான். அதனால் 1.5 ஆம்பியர் தாங்கும் டிஆர்வி8833 டிரைவர் வாங்கினேன். அதன் இரண்டு உள்ளீட்டுக்கும் ஒரே நேரத்தில் ஹை சிக்னல் (வோல்ட்) கொடுத்தால் அது மோட்டாரை பிரேக் பிடித்து நிறுத்தும்.

கரண்ட் இருக்கும் வரைதான் அந்த பிரேக். ஒரு சாயங்காலம் கரண்ட் போய், காற்றில் கதவு ஆட ஆட மெல்லச் சரிந்து மூடிக்கொண்டது. மேயப் போன கோழிகள் வெளியே நின்றுவிட்டன. காலையில் ஒன்று இல்லை, கீரி. "எப்பவும் நானே தானே மூடிட்டு வருவேன்" என்று மட்டும் சொன்னாள் அம்மா. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

மறுவாரமே வார்ம் கியர் மோட்டார் மாற்றினேன். திருகு பல்சக்கரத்தைச் சுழற்றும். பல்சக்கரத்தால் திருகைச் சுழற்ற முடியாது. கரண்ட் இருந்தாலும் போனாலும் கதவு நின்ற இடத்தில் நிற்கிறது. கரண்ட் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், பரவாயில்லை. இரண்டு வருஷமாக ஒரு குறையும் இல்லை.

மோட்டார் கிளம்பும்போதெல்லாம், கதவை இயக்கும் குட்டிக் கணினியான ஆர்டுயினோ ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. மின் இரைச்சலை அடக்க மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே ஒரு 104 (0.1 மைக்ரோஃபாரட்) செராமிக் கெபாசிட்டர் பற்றவைத்து, மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுத்து, கிரவுண்டை மட்டும் சேர்த்தேன். சரியாகிவிட்டது. வேகத்தைக் குறைக்க, கரண்டை விட்டு விட்டுக் கொடுக்கும் பிடபிள்யூஎம் அளவை (முழு வேகம் 255) 80க்குக் கீழே கொண்டுபோனால் மோட்டார் கீச்சிடுமே தவிர நகராது. கதவு தொட்டதும் மோட்டாரை நிறுத்த, மேலும் கீழும் ஒவ்வொரு லிமிட் சுவிட்ச் உண்டு; அது வேலை செய்யாவிட்டால் 15 விநாடியில் நிறுத்தச் சொல்லி புரோகிராமிலும் எழுதியிருக்கிறேன்.

கடற்காற்றுக்குப் பற்றவைத்த இடமெல்லாம் பச்சை பூக்கிறது. தங்கையின் நெயில் பாலிஷை இரண்டு பூச்சு பூசிவிட்டேன். லிமிட் சுவிட்சின் தகடு மட்டும் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும்.